மகளுக்குக் காட்டிய வெயில்

1

இன்று காலை ஐந்து நிமிஷம் வெயில் அடித்தது.

இதில் எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். ஆனி பிறந்தும் உங்களுக்கு அங்கே திருச்சிப் பக்கம் வெயில் தணிந்திருக்காது. வாய்க்காலில் தண்ணீர் இல்லை, ராத்திரி தூக்கம் இல்லை என்று புலம்பிக்கொண்டிருப்பீர்கள். இங்கே நுவரெலியாவில் வைகாசி பாதியில் பிடித்த மழை இன்னும் விட்டபாடில்லை. அதனால் சூரியன் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் போதும், எங்கள் தெருவில் யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. கம்பளி, தலையணை, மூன்று நாளாக ஈரம் போகாத பாவாடை என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு பெண்கள் எல்லோரும் வாசலுக்கு ஓடிவருவோம்.

நானும் ஓடினேன். ஓடுகிற வேகத்தில் வீட்டுக்குள் திரும்பி, "தனம், வெயிலு வந்திருச்சு, ஓடியா" என்று கத்திவிட்டேன். தனம் என் மகள். அவள் ஒரு மாதத்துக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டாள். பக்கத்து வீட்டுச் சோமாவதிக்குத் தமிழ் கொஞ்சம் புரியும். என்னைப் பார்த்தாள், என் கம்பளியின் மறு முனையைப் பிடித்து உதறிக் கொடுத்தாள். உதறி முடிப்பதற்குள் மறுபடி மூட்டம் போட்டுவிட்டது.

அதிலிருந்து கை ஒரு வேலையில் நிற்கவில்லை. அடுப்பில் வைத்த குழம்பை மறந்து, துடைத்த தரையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன். எழுதினாலாவது ஓர் இடத்தில் உட்காருவேன் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

லால்குடியில் நான் வளர்ந்த காலத்தில் வெயிலை யாரும் கொண்டாடியது கிடையாது. பங்குனி பிறந்தால் ஜன்னலுக்கெல்லாம் தட்டி கட்டி, அதில் தண்ணீர் தெளித்து, மத்தியானம் முழுக்க வீட்டுக்குள் ஒளிந்துகிடப்போம். வெயில் எங்களைத் தேடி வரும், நாங்கள் ஓடுவோம். இங்கே வந்த பிறகு எல்லாம் தலைகீழ். வெயில் ஓடுகிறது, நாங்கள் பின்னாலேயே துரத்துகிறோம்.

சிலோனுக்குச் சுதந்திரம் வந்த மறுவருஷம் கல்யாணமாகி வந்தேன். இவர் ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற கூலிக்காரர் வரிசை வீட்டில் பிறந்தவர். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்று பெயர் கொடுத்துவிட்டு மலையேறுகிற பிழைப்பு வேண்டாம் என்று சின்ன வயதிலேயே டவுனுக்கு வந்து தையல் பழகிக்கொண்டார். கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் மெஷின் போட்டு உட்கார்ந்தவர், இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

சித்திரையில் மூன்று நான்கு வாரம் இந்த ஊருக்கும் வெயில் உண்டு. அதற்குச் சீசன் என்று பெயர். கொழும்பில் வேர்த்துக் கொட்டுகிற பெரிய மனிதர்கள் குடும்பத்தோடு காரில் வந்து இறங்குவார்கள். தோட்டத்துத் துரைமார்கள் மலையை விட்டு இறங்குவார்கள். வருஷம் முழுக்கப் போர்த்திக்கொண்டு தூங்குகிற ஊர், சுவருக்குச் சாயம் பூசிக்கொண்டு, வாசலுக்கு வாசல் பூந்தொட்டி வைத்துக்கொண்டு, இதுதான் என் வழக்கமான முகம் என்று நிற்கும். பூக்காட்சி, குதிரைப் பந்தயம், ஏரியில் படகு, சாயங்காலமானால் பாண்டு வாத்தியம். இவருக்குக் கழுத்தை நிமிர்த்த நேரம் இருக்காது. கொழும்பு அம்மாக்களின் கவுன் ஒரு பக்கம், குதிரைக்காரர்களின் காற்சட்டை ஒரு பக்கம். வருஷம் முழுக்க நாங்கள் உலை வைப்பது அந்தச் சில வாரத்து வேலையை நம்பித்தான்.

எங்கள் மகளுக்கு லால்குடியில் பள்ளிக்கூடம் பெரிய லீவு விடுவதும் அதே சித்திரையில்தான். தலைமன்னாரில் கப்பல் இறங்கி, ரயில் மாறி, நானுஓயா ஸ்டேஷனில் அவள் வந்து இறங்குவாள். ஆக, எங்கள் குடும்பத்துக்கும் வருஷத்தில் அதே நாலு வாரம்தான் சீசன்.

3

பெற்ற மகளை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு இவள் சிலோனில் என்ன வாழ்கிறாள் என்று லால்குடியில் பேசிக்கொள்வது என் காதுக்கும் வரத்தான் செய்கிறது. எல்லாம் பஞ்சாங்கத்தால் வந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், நாங்களும் பிறகு சிரித்திருக்கிறோம்.

தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான். அதில் பேச்சுக்கே இடமில்லை. அம்மா அப்பா இல்லாததால் பிறந்த வீடு என்பது அண்ணன் வீடுதான். ஏழாம் மாதம், தை முடிவதற்குள் வளையல் அடுக்கிக்கொண்டு கப்பலேறினேன். பங்குனியில் தனம் பிறந்தாள். மூன்று மாதம் முடிந்ததும் கிளம்பலாம் என்றால், ஆனி பிள்ளைக்கு நாலாம் மாதம், ஒற்றைப்படை இல்லை, இன்னும் பிள்ளைக்குக் கழுத்து நிற்கவில்லை என்றார் அண்ணி. அடுத்தது ஆடி, கேட்கவே வேண்டாம். ஆவணியில் பிள்ளைக்குக் கக்குவான். புரட்டாசியில் பெண்ணை அனுப்புகிற வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. ஐப்பசி அடைமழை, கடல் கொந்தளிப்பு. கார்த்திகையில் பங்காளி வீட்டில் ஒரு சாவு, தீட்டு. மார்கழியில் யாராவது புறப்படுவார்களா? தை பிறந்தது. தை பிறந்ததும் கரிநாள், அப்புறம் நாள் சரியில்லை, அப்புறம் பிள்ளையின் நட்சத்திரத்துக்கு ஆகாது. கடைசியில் ஒரு நல்ல நாள் கிடைத்து நான் தலைமன்னாரில் இறங்கியபோது போய் ஒரு வருஷமும் சில நாட்களும் ஆகியிருந்தன.

அந்தச் சில நாட்கள்தான் எங்கள் தலையில் விழுந்தன. எங்களைப் போன்ற இந்தியக் குடும்பத்தார் இந்த நாட்டுப் பிரஜையாக மனுப் போடலாம் என்று சட்டம் வந்து, இவரும் போட்டிருந்தார். பிறந்ததிலிருந்து இந்த மலையை விட்டு இறங்காத மனிதர், கிடைத்துவிடும் என்று நம்பினோம். ஆனால் பெண்சாதியும் விட்டுப்போகாமல் இங்கேயே இருந்திருக்க வேண்டுமாம், ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே தங்கியிருக்கக் கூடாதாம். விசாரணை செய்த அதிகாரி தங்கமான மனிதர். உன் பெண்சாதி ஏன் குறித்த காலத்தில் திரும்பி வரவில்லை என்று பொறுமையாகத்தான் கேட்டார். "ஆடி மாசம் ஆகாதுங்க. அதுக்கப்புறம் மார்கழியும் ஆகாதுங்க" என்றார் இவர். மொழிபெயர்ப்பவர் அதை எப்படிச் சொன்னாரோ தெரியாது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஆகாத மாதங்கள் மொத்தம் எத்தனை என்று கேட்டாராம். மனு தள்ளுபடி ஆயிற்று.

இனி எந்த நேரமும் மூட்டை கட்டச் சொல்வார்கள் என்று பயந்து, பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி, ஐந்து வயதில் தனத்தை முன்னால் லால்குடிக்கு அனுப்பினோம். அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டால் நாங்கள் பின்னால் வரும்போது சுலபமாக இருக்கும் என்று கணக்கு. துண்டு போட்டதோடு சரி. அப்பீல் ஒரு பக்கம் நடக்க, தற்காலிக அனுமதி ஒரு பக்கம் நீள, வருஷங்கள் ஓடிவிட்டன. நடுவில் அண்ணன் இறந்தார். வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்களோ என்ற பயத்தில் நான் அண்ணன் முகத்தைக்கூடப் பார்க்கப் போகவில்லை. அண்ணிக்குப் பிள்ளை இல்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அண்ணியும் தனமும் மட்டும்தான்.

சென்ற வருஷக் கடைசியில் அப்பீல் எங்கள் பக்கம் முடிந்தது. நாங்கள் இரண்டு பேரும் இந்த நாட்டுக்காரர்கள் ஆனோம். மகள்?

4

ஆபீசில் சொன்னது இதுதான். பெண் இந்தத் தடவை லீவுக்கு வரும்போதே இங்கேயே தங்க மனுப் போட்டு, பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிட்டால் தகப்பன் பெயரோடு சேர்த்துவிடலாம். பதினோரு வயது ஆகிவிட்டது, இன்னும் தள்ளிப்போட்டால் அவள் வேறு நாட்டுப் பிள்ளையாகவே நின்றுவிடுவாள், பிறகு பார்க்க வருவதற்கே பாடாய்ப் படவேண்டும். அண்ணியையும் சேர்த்து அழைத்துக்கொள்ள முடியுமா என்று இவர் கேட்டிருக்கிறார். பெண்சாதி பிள்ளைக்கு வழி இருக்கிறது, மைத்துனர் பெண்சாதிக்கு வழி இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அதனால் இந்தச் சித்திரை எங்களுக்கு லீவு இல்லை, பரீட்சை. தனத்துக்கு இந்த ஊர் பிடிக்க வேண்டும். அவளாகவே இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். வந்ததும் கேட்டுவிடலாம் என்றார் இவர். முதலில் வெயிலைக் காட்டுவோம், பிறகு கேட்போம் என்றேன் நான். மழையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அது ஏமாற்று என்றார். துணி வாங்குகிறவர்களிடம் சாயம் போகும் என்று எந்தக் கடைக்காரன் சொல்கிறான் என்று கேட்டேன். அவர் சொல்வார். அதனால்தான் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

தலவாக்கலையில் கடை வைத்திருக்கிற ஒரு குடும்பம் திருச்சிக்குப் போய் வரும்போதெல்லாம் தனத்தை அழைத்து வந்து, அழைத்துப் போவார்கள். அவர்களோடு ரயிலை விட்டு இறங்கியவளைப் பார்த்ததும் ஒரு கணம் யாரோ என்று நினைத்தேன். அவ்வளவு உயரம். கிட்டே வந்து, "நல்லா இருக்கீங்களாம்மா?" என்றாள். விருந்துக்குப் போன வீட்டில் பெரியவர்களை விசாரிக்கிற மாதிரி. அண்ணியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அத்தை சொல்லுச்சு, அத்தை வாங்கிக் குடுத்துச்சு என்று வாய் நிறைய வருகிறது. எனக்கு மரியாதை, அத்தைக்கு உரிமை. அன்று சாயங்காலம் முழுக்க எனக்கு முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. பயணக் களைப்பு யாருக்கு, உனக்கா அவளுக்கா என்று இவர் கேலி செய்தார்.

மறுநாளிலிருந்து நான் ஓர் இடத்தில் நிற்கவில்லை, அவளையும் நிற்கவிடவில்லை. காலையில் பூந்தோட்டம். மத்தியானம் பஸ் பிடித்து ஹக்கலைத் தோட்டம். சாயங்காலம் பாண்டு. மட்டக்குதிரைச் சவாரி, ஸ்ட்ராபெரிப் பழம், பந்தய மைதானத்து வேலிக்கு வெளியே மேட்டில் நின்று குதிரை பார்ப்பது. ராகலைக்குப் போய் அவள் சித்தப்பா வீட்டில் ஒரு நாள். அங்கே லயத்துப் பிள்ளைகளோடு மலைச்சரிவில் உருண்டு விளையாடி, பாவாடையெல்லாம் மண்ணாக வந்து நின்றபோதுதான் அவள் முகத்தில் குழந்தையைப் பார்த்தேன். மேகம் ஒன்று சூரியனுக்குக் கிட்டே வந்தால்கூட எனக்குப் பதற்றம், யாரோ என் கடையை மூட வருகிற மாதிரி.

என் பேச்சு அவளுக்குச் சிரிப்பு. சவுக்காரம் எடு என்றால் சோப்பா என்கிறாள். ரொட்டிக்கு இங்கே பான் என்று பெயர், பான் வாங்கி வா என்றால் முழிக்கிறாள். சந்தையில் நான் சிங்களத்தில் பேரம் பேசியபோது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒட்டி நின்றாள். அது பயமா பெருமையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஒட்டி நின்றாளே, அதுவே எனக்குப் பெரிதாக இருந்தது.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், அடுத்து எங்கே போகலாம் என்று நான் பரபரத்துக்கொண்டிருந்தபோது, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கலாமா என்று கேட்டாள். உட்கார்ந்தோம். என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். எனக்கோ உட்காரத் தெரியவில்லை. நல்ல வெயில் வீணாகப் போகிறதே என்று கால் பரபரத்துக்கொண்டே இருந்தது.

5

கடைசிப் பந்தய நாளன்று இவர் மெஷினை மூடி, மேலே துணியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். ஊரில் இரண்டாள் வேலை கிடக்கிற நாள் அது. கடைவீதியே திகைத்துப்போய்ப் பார்த்திருக்கும். ஒருநாள் பிள்ளையோடு இருந்தால் யார் குடியும் முழுகிவிடாது என்று சொல்லிக்கொண்டே நல்ல சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஏரிக்குப் போனோம். படகை வாடகைக்கு எடுத்தார். துடுப்புப் போடத் தெரியாது, தெரியும் என்று சொல்லிவிட்டார். படகு போக வேண்டிய பக்கம் போகாமல் இருந்த இடத்திலேயே சுற்றியது. கரையில் கொழும்புக்காரர்கள் நின்று சிரித்தார்கள். தனமும் சிரித்தாள், நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷத்தில் நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஒரே காரியத்துக்குச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். அப்படி ஒரு வெயில். தண்ணீரைப் பார்த்தால் கண் கூசியது.

அப்போதுதான் அவர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, "தனம், இங்கயே எங்களோட இருந்துர்றியாம்மா?" என்று கேட்டார். நான் இன்னும் நாலு நாள் கழித்துக் கேட்பதாக வைத்திருந்த கேள்வி.

இங்கே எப்போதும் இப்படித்தான் இருக்குமா என்று அவள் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். இன்னும் இரண்டு வாரத்தில் மழை பிடித்துக்கொள்ளும், மாதக்கணக்கில் துணி காயாது, படகெல்லாம் வருஷத்துக்கு ஒரு நாள்தான், மற்ற நாளெல்லாம் நான் மெஷினே கதி என்று இருப்பேன் என்று எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். தண்ணீரில் தள்ளிவிடலாமா என்று இருந்தது எனக்கு.

அவள் தண்ணீரில் கையை விட்டு அளைந்தாள்.

"மழைக்கெல்லாம் இல்லப்பா. மாமா போனதுலேருந்து அத்தை தனியா சாப்பிடாது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தாத்தான் உலையே வைக்கும். உங்களுக்கு அம்மா இருக்காங்க, அம்மாவுக்கு நீங்க இருக்கீங்க. அதுக்கு யாருப்பா இருக்கா?"

அவ்வளவுதான். பிறகு, அடுத்த சீசனுக்கும் வருகிறேன், அதற்குள் துடுப்புப் போடப் பழகி வையுங்கள் என்று அப்பாவைக் கிண்டல் செய்தாள். இவர் சரி என்று சிரித்தார். அடுத்த சீசனுக்கு வருவது இனி அவ்வளவு சுலபமில்லை என்று அந்த மனிதரும் அப்போது சொல்லவில்லை. என் மகள் இவ்வளவு நல்ல பெண்ணாக வளர்ந்திருக்கிறாளே என்று பெருமையாக இருந்தது. வளர்த்தது நான் இல்லையே என்று வயிறும் எரிந்தது. படகு அப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

6

தலவாக்கலைக்காரர்கள் புதன்கிழமை புறப்படுவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அவளுக்குக் கொடுத்திருந்த அனுமதியும் அந்த வாரத்தோடு முடிகிறது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரைக்கும் நான் நல்லபடியாகத்தான் இருந்தேன். அவள் பெட்டியில் பாவாடையை மடித்து வைத்துக்கொண்டிருந்தபோது என் வாயிலிருந்து அது தானாக வந்தது.

"நாளைக்குப் போகக் கூடாது. புதன்கிழமை வடக்கே சூலம். பொம்பளப் புள்ள, கடல் தாண்டிப் போறது."

வியாழக்கிழமை போகலாமே என்றாள் தனம். வியாழக்கிழமை அவளுடைய நட்சத்திரத்துக்குச் சரியில்லை என்றேன். வெள்ளிக்கிழமை பெண்ணை அனுப்பக் கூடாது என்றேன். சனிக்கிழமைக்கும் ஒன்று வைத்திருந்தேன். துணையாக வந்தவர்கள் போய்விட்டால் வேறு துணை கிடைக்க நாளாகும், அதற்குள் மழை வந்து, மண் சரிந்து, ரயில் நின்று என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நாள் தாண்டி இருந்தால் ஆபீசில் கேள்வி வரும், அவளுக்கு மறுபடி வர அனுமதியே கிடைக்காமல் போகும் என்பதும் தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.

இவர் மூலையில் உட்கார்ந்து ஒரு கவுனுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்.

"அன்னிக்கு நாள் பாத்துத்தான் எல்லாம் போச்சு. இன்னிக்கும் நாள் பாக்கப் போறியா புள்ள?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன், மறைக்கவில்லை. தனம் பெட்டியை விட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, அத்தை சொல்லித்தான் அனுப்புச்சு. புதன்கிழமை கிளம்புற மாதிரி ஆச்சுன்னா ஒரு வாய் பால் குடிச்சிட்டுக் கிளம்பு, வடக்கே சூலத்துக்கு அதுதான் பரிகாரம், தோஷமில்லன்னு சொல்லுச்சு."

எனக்கு அழுகை நின்றுவிட்டது. எல்லாவற்றுக்கும் பரிகாரம் தெரிந்த அண்ணி, அந்த வருஷம் எனக்கு ஒரு பரிகாரம்கூடச் சொல்லவில்லையே. அப்போது வீட்டில் பாலுக்கா பஞ்சம்? கொல்லையில் இரண்டு மாடு கட்டியிருந்தது. ஆடி, புரட்டாசி, மார்கழி என்று மாதத்துக்கு ஒரு காரணம் சொல்லி என்னை நிறுத்தினார். சொல்லும்போதெல்லாம் தனம் அவர் இடுப்பில்தான் இருந்தாள். பிள்ளை இல்லாத வீட்டில் முதல் முதலாக ஒரு பிள்ளை. அண்ணி பார்த்தது நாளே இல்லை. இத்தனை வருஷம் கழித்து, அதே பஞ்சாங்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நான் நின்ற பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது. கோபப்பட்டுப் பார்த்தேன், வரவில்லை.

விடிந்ததும் சோமாவதி வீட்டில் கறந்த பாலை வாங்கி வந்து காய்ச்சினேன். வாசலில் தூறல் போட ஆரம்பித்திருந்தது. இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நிலைப்படியில் நின்றார். நான் அவசரப்படவில்லை. நுரை வர இரண்டு மூன்று தரம் ஆற்றி, சர்க்கரை போட்டு, தனத்தின் கையில் கொடுத்தேன். அவள் ஒரு வாய் குடித்தாள். பிறகு நின்று நிதானமாக முழுவதையும் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அத்தையும் சர்க்கரை இவ்வளவுதாம்மா போடும்."

நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு, பாத்திரத்தில் மிச்சம் இருந்ததையும் அவள் டம்ளரில் ஊற்றினேன்.